மடியில் கொடுத்த பிள்ளை

எங்கள் ஊர் பஸ்ஸில் இருக்கை கிடைத்தவருக்கு அவருடைய மடி சொந்தமில்லை. நின்று வருகிறவரின் பை, கூடை, குடை, பிள்ளை எல்லாம் அங்கேதான் போகும். கேட்கவும் தேவையில்லை, இருக்கிறவர் தானாகக் கையை நீட்டுவார். நீட்டாவிட்டால் பக்கத்தில் இருப்பவர் அவரை ஒரு பார்வை பார்ப்பார். இறங்கும்போது நாங்கள் எங்கள் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்போம். அவை தலைகளுக்கு மேலால் கைமாறி வாசலுக்கு வந்து சேரும். நானும் எத்தனையோ பேருடைய பிள்ளைகளை மடியில் வைத்திருந்திருக்கிறேன். ஒரு குட்டி குடித்த பாலை என் சேலையில் சத்தியும் எடுத்திருக்கிறாள். அதை வீட்டுக்கு வந்து ஒரு கதையாகக்கூட நான் சொன்னதில்லை.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது, வாயை மூடமாட்டான். சின்னவளுக்கு நாலு வயது, வாயைத் திறக்கமாட்டாள். சின்னவள் சொன்ன சொல் கேட்பாள் என்பதில் எனக்குப் பெரிய பெருமை. அவளுக்கு நான் பழக்கிய சட்டம் ஒன்றுதான்: வெளியில் போனால் இருத்தின இடத்தில் இருக்கவேண்டும், அம்மா கூப்பிடும்வரை எழும்பக்கூடாது. விசேஷ வீடுகளில் மற்றப் பிள்ளைகள் கதிரைகளுக்கிடையில் ஓடித்திரிய, இவள் மட்டும் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருப்பாள். எப்படி இவளை இப்படி வளர்த்தாய் என்று ஆட்கள் கேட்பார்கள். நான் அடக்கமாகச் சிரிப்பேன். உள்ளுக்குள் ஓர் அடக்கமும் கிடையாது.

போன வருடம் மச்சாளின் மகனுக்கு முதலாவது பிறந்தநாள் வந்தது. மச்சாள் என்றால் என் கணவரின் தங்கை. அவள் நெல்லியடியில் இருக்கிறாள், நாங்கள் கொக்குவிலில். கேக்கை நான் கொண்டுவருகிறேன் என்று வாய்விட்டவள் நான்தான். நெல்லியடியிலும் கேக் கிடைக்கும்தானே, ஏன் பஸ்ஸில் காவ வேண்டும் என்று கணவர் இரண்டு நாளாகக் கேட்டார். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி ஒரு பெண் வீட்டில் கேக் அடித்துக் கொடுப்பாள். அவள் போடும் ரோசாப்பூக்களை மச்சாள் வீட்டார் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். சொன்னால் சொன்னதுதான் என்று அவர் வாயை அடைத்தேன்.

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அன்று சனிக்கிழமைக் கூட்டம். கணவர் மூத்தவனை இழுத்துக்கொண்டு, நெல்லியடி தாண்டிப் போகும் பருத்தித்துறை பஸ்ஸின் முன் கதவால் ஏறிவிட்டார். நான் சின்னவள், கேக் பெட்டி, உடுப்புப் பை, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றோடும் பின் கதவால் ஏறினேன். ஏறியதும் யன்னலோரமாக இருந்த நடுத்தர வயதுப் பெண்ணொருவர், "பிள்ளையைத் தாங்கோ" என்று இரு கையையும் நீட்டினார். அவருடைய காலடியில் சாப்பாட்டுக் கூடை ஒன்று இருந்தது. நெல்லியடிக்கு அங்கால் மந்திகை ஆஸ்பத்திரியில் இருக்கும் கணவருக்குச் சோறு கொண்டுபோவதாகச் சொன்னார். சின்னவளை அவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு என் சட்டத்தைச் சொன்னேன்.

"அன்ரியின்ரை மடியிலை ஆடாமல் அசையாமல் இருக்கவேணும். அம்மா கூப்பிட்டால்தான் எழும்பலாம்."

அவள் தலையாட்டினாள்.

கேக் பெட்டி இரண்டு வரிசை முன்னால் இருந்த ஓர் இளம்பெண்ணின் மடிக்குப் போனது. அவளுக்கு நான் சொன்ன புத்திமதிகள் இன்னும் நீளம். சரிக்கக்கூடாது, மூடியில் கை வைக்கக்கூடாது, வெயில் படக்கூடாது. பை ஒருவரிடம், போத்தல் இன்னொருவரிடம். புத்தூரில் ஒரு கூட்டம் ஏறியது, அச்சுவேலியில் இன்னொரு கூட்டம். என்னைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரிசைக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு பெரிய மனிதரின் முதுகு எனக்கும் சின்னவளுக்கும் நடுவில் சுவர் மாதிரி நின்றது. கேக் பெட்டியின் ஒரு மூலை மட்டும் தெரிந்தது. வல்லை வெளியில் காற்று யன்னல்களால் அள்ளி வீச, டிரைவர் பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் என் கண் அந்த மூலைக்குத்தான் போனது. மகளை ஒருமுறையும் எட்டிப்பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அவள் அசையமாட்டாள், கேக் அசையும்.

நெல்லியடி வந்ததும் நடத்துநர் வழக்கம்போல எல்லாரையும் விரட்டத் தொடங்கினார். முன்னாலிருந்து கணவர் இறங்கச் சொல்லிச் சத்தம் போட்டார். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். "அந்தக் கேக் பெட்டியைத் தாங்கோ. அந்த நீலப் பை. தண்ணிப் போத்தல், தண்ணிப் போத்தல்." எல்லாம் தலைகளுக்கு மேலால் வந்தன. என் இரண்டு கையும் நிறைந்தன. நிறைந்த கையோடு இறங்கினேன். பஸ் போய்விட்டது.

முதல் வேலையாக வீதியோரம் நின்று பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஒரு ரோசாப்பூவின் இதழ் நசிந்திருந்தது. அந்த இளம்பெண்ணை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். கணவர் மூத்தவனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு அந்த இதழைக் காட்டினேன். அவர் கேக்கைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார்.

"சின்னவள் எங்கை?"

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. காது அடைத்தது. பழக்கடைக்காரர் யாரையோ கூப்பிடுகிறார், அவருடைய வாய் அசைவது மட்டும் தெரிகிறது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுத் தண்ணீர்ப் போத்தலை மறக்காமல் வாங்கி வந்திருக்கிறேன். "உங்களோடை இல்லையோ?" என்று அவரிடமே திருப்பிக் கேட்டேன். இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய் அதைத்தான் கேட்டது.

"பஸ்ஸிலை விட்டிட்டு வந்திட்டீங்களோ அம்மா?" என்று மூத்தவன் கேட்டான். அவன் கேட்ட பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. கத்தினேன். அது அழுகையா கோபமா என்று இப்போதும் தெரியாது. கணவர் கைபேசியை எடுத்து வைத்துக்கொண்டு பேயறைந்தவர்போல நின்றார். யாருக்கு எடுப்பது? ஓடிப்போகும் பஸ்ஸுக்கு எடுக்க முடியுமா?

சந்தியில் நின்ற ஓட்டோக்காரர் ஒருவர் நாங்கள் சொல்லி முடிக்கும் முன்பே வண்டியை முறுக்கிவிட்டார். பஸ் மந்திகையில் கொஞ்ச நேரம் நிற்கும், பிடித்துவிடலாம் என்றார். பெட்டியை மூத்தவனின் மடியில் திணித்துவிட்டு ஏறினேன். சின்னவளை வாங்கிய பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. சேலை என்ன நிறம், பொட்டு வைத்திருந்தாரா, கண்ணாடி போட்டிருந்தாரா? ஒன்றுமே வரவில்லை. கேக் வைத்திருந்த பெண்ணின் நகப்பூச்சு ஊதா நிறம், அது மட்டும் பளிச்சென்று நினைவிருந்தது. பொலிசில் கேட்டால் என்ன சொல்வேன்? என் மகளை யாரிடம் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. வீதியின் இரு பக்கமும் என்ன போயின என்று நான் பார்க்கவேயில்லை. பஸ்ஸின் பின்புறம் தெரிகிறதா என்று நேரே பார்த்தபடி இருந்தேன்.

மந்திகை ஆஸ்பத்திரிக்கு முன்னால் பஸ் நின்றது. ஓடிப்போய் ஏறினேன். அந்த யன்னலோர இருக்கையில் ஒரு முதியவர் மடியில் பையோடு இருந்தார். சின்னவளும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை.

"இதிலை இருந்த பிள்ளை?" என்று கேட்டேன்.

"இடையிலை நான் ஏறேக்குள்ளை ஒரு மனிசி பிள்ளையோடை இறங்கிப் போனவ," என்றார் அவர். "தாய் எண்டெல்லோ நான் நினைச்சன்."

அப்படியே பஸ் படியில் இருந்துவிட்டேன். இடையில் ஏன் இறங்க வேண்டும்? அவர் போக வேண்டிய ஆஸ்பத்திரி இதோ எதிரில் இருக்கிறது. ஒரு பெண் மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறார். எங்கள் ஊர் பஸ்ஸில் அவரை யார் மறிப்பார்கள்? எதற்கு மறிக்க வேண்டும்? நாங்கள் இவ்வளவு காலமும் பிள்ளைகளை எப்படி யார் யாருக்கோ தூக்கிக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறோம் என்று முதல்முறையாக நினைத்தேன்.

கணவர்தான் நடத்துநரைப் பிடித்து நிறுத்தி விசாரித்தார். நெல்லியடி தாண்டியதும் அந்தப் பெண் எழும்பி, இது யாருடைய பிள்ளை என்று பஸ் முழுக்கக் கேட்டிருக்கிறார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பருத்தித்துறைக்குப் போய்ப் பார்ப்போம் என்று நடத்துநர் சொல்ல, அந்தப் பெண்ணிடம் அவருக்கு நல்ல பேச்சு விழுந்திருக்கிறது. தாய் தேடி வரும் வழியில்தானே நிற்க வேண்டும், பிள்ளையை இன்னும் தூரத்துக்குக் கொண்டுபோவதா என்று ஏசிவிட்டு, வாசிகசாலைத் தரிப்பிடத்தில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டாராம். அந்த வாசிகசாலையை நாங்கள் தாண்டித்தான் வந்திருந்தோம்.

ஓட்டோ திரும்பியது. இந்த முறை நான் வீதியோரத்தில் நின்ற ஒவ்வொருவரையும் பார்த்தேன். வாசிகசாலைக்கு எதிரே, பூவரச மரத்தின் கீழே அவர் நின்றார். பச்சைச் சேலை. இடுப்பில் சின்னவள். அவளுடைய தலையில் வெயில் படாமல் சேலைத் தலைப்பை இழுத்து மூடியிருந்தார். சோற்றுக்கூடை நிலத்தில் இருந்தது.

வண்டி நிற்கும் முன்பே குதித்து ஓடிக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை. பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"நில்லும். தாய் நீர்தான் எண்டு பிள்ளை சொல்லட்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. என் பிள்ளையைத் தராமல் மறிக்க நீர் யார் என்று கேட்க வாய் உன்னியது. பிறகுதான் உறைத்தது, அவரும் என் முகத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. கூட்டத்துக்குள் மேலேயிருந்து நீண்ட இரண்டு கைகளிலிருந்து ஒரு பிள்ளையை வாங்கினார், அவ்வளவுதான். "இவ ஆர், பிள்ளை?" என்று சின்னவளிடம் கேட்டார். சின்னவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். சொல்லாமலே விட்டுவிடுவாளோ என்று பயந்தேன்.

"அம்மா," என்றாள்.

அவளை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வீதியில் நின்றே அழுதேன். நோயாளரைப் பார்க்கவிடும் நேரம் முடியப்போகிறது என்று அந்த அக்கா கூடையை எடுத்தார். நாங்கள் அவரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு மந்திகைக்கு விட்டோம். ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் கண்விழித்திருந்ததால், வல்லை தாண்டியதும் தான் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டதாக அவர் சொன்னார். சொல்லிவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆனால் பிள்ளை நித்திரை இல்லை, தங்கச்சி. நான் கண் முழிக்கேக்குள்ளை பிள்ளை யன்னலாலை பின்னுக்குத் திரும்பிப் பாத்துக்கொண்டு இருந்தது. நீர் பெட்டியைத் திறந்து பாத்துக்கொண்டு நிண்டனீராம். எனக்குச் சொன்னது."

எனக்கு விளங்கவில்லை. முதலில் உண்மையாகவே விளங்கவில்லை. மடியில் இருந்த சின்னவளின் முகத்தைத் திருப்பி, அம்மா இறங்கியதைப் பார்த்தால் ஏன் கத்தவில்லை, ஏன் ஓடி வரவில்லை என்று கேட்டேன். அவளுடைய கண் அப்போதுதான் நிரம்பியது. அதுவரை அவள் அழவேயில்லை.

"நீங்கள் கேக்கைக் கூப்பிட்டனீங்கள்," என்றாள். "பையைக் கூப்பிட்டனீங்கள். தண்ணிப் போத்தலைக் கூப்பிட்டனீங்கள். என்னைக் கூப்பிடேல்லை."

ஆஸ்பத்திரி வாசலில் அந்த அக்கா இறங்கும்போது சின்னவளின் தலையைத் தடவிவிட்டுப் போனார். அவருக்கு நான் நன்றி சொன்னேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

மச்சாள் வீட்டுக்கு வந்தோம். கேக்கின் பூக்கள் எல்லாம் மூடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. கணவர் இறங்கினார், மூத்தவன் இறங்கினான். சின்னவளை இருக்கையில் வைத்துவிட்டு நானும் இறங்கி, அவளைத் தூக்க இரு கையையும் நீட்டினேன். அவள் அசையவில்லை. என் கைகளை அவள் பார்க்கவேயில்லை, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் எழும்பினாள்.