தேய்க்காமல் விட்ட பால் பாத்திரம்

மயிலாப்பூரில் எங்கள் தெருவில் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டில் அரட்டை என்பதெல்லாம் பாத்திரம் தேய்க்கிற பச்சையம்மாவுக்குத் தெரியும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டாம். கொல்லையில் வந்து விழும் பத்துப் பாத்திரமே சொல்லிவிடும். குழம்பு அடிப்பிடித்திருந்தால் புருஷன் பெண்டாட்டி வாக்குவாதம். பால் தீய்ந்திருந்தால் பக்கத்து வீட்டம்மாளோடு மதிலோரப் பேச்சு. தெரிந்ததை அவள் வெளியே விடமாட்டாள். அந்த விஷயத்தில் எங்கள் எல்லோரையும்விட நூறு மடங்கு தேவலை.

தீய்ந்த பாத்திரம் என்றால் அவளுக்கு ஒரு வீம்பு. சாம்பலும் புளியும் போட்டு ஊறவைப்பாள். தேங்காய் நாரைக் கையில் எடுத்துவிட்டால் கறுப்பு போகும்வரை கீழே வைக்கமாட்டாள்.

அவள் வேலை செய்த வீடுகளில் கோமளம் மாமி வீடும் ஒன்று. மகன் வரதன் பம்பாயில் இருந்ததால் மாமி தனியாகத்தான் இருந்தார். சமையலில் பெரிய பேர். சுவாமிக்குக் காட்டும்முன் ருசி பார்த்தால் எச்சில் என்பதால் நாக்கில் ஒரு சொட்டு விடமாட்டார். கொதிக்கிற ரசத்தின் வாசனையை வைத்தே உப்பு போதாது என்பார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

மாமிக்கு ஒரு விஷக்காய்ச்சல் வந்து போன பிறகு அந்த வீட்டுப் பாத்திரங்கள் கறுக்க ஆரம்பித்தன. முதலில் பால், பிறகு பருப்பு, பிறகு தினமும் ஏதாவது ஒன்று. பச்சையம்மா கேட்டேவிட்டாள்.

"இன்னா மாமி, தீயற நாத்தம் தெருமுனை வரைக்கும் வருது. உங்களுக்குத் தெர்லயா?"

மாமி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காய்ச்சலுக்கப்புறம் ஒரு வாசனையும் தெரியலைடி. வெளில சொல்லிடாதே, ஊர் சிரிக்கும். வரதன் காதுல விழுந்தா என்னைப் பம்பாய்க்கு இழுத்துண்டு போயிடுவான்."

பச்சையம்மா யாரிடமும் சொல்லவில்லை. தேய்த்தாள். பளபளவென்று அவள் கவிழ்த்து வைத்ததை மாமி தண்ணீர் தெளித்து உள்ளே எடுத்துக்கொள்வார்.

எழுபத்திரண்டாம் வருஷம் வரதன் லீவில் வந்தான். ரசத்தில் உப்பு தூக்கலாக இருந்ததை வயசு என்று விட்டுவிட்டான். மின்னுகிற பாத்திரங்களைப் பார்த்ததும் அம்மா நன்றாகத்தான் சமாளிக்கிறாள் என்று அவனுக்கு ஏக சந்தோஷம். அம்மா இனிமேல் மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு மல்லாட வேண்டாம் என்று காஸ் அடுப்புக்கு ஏற்பாடு செய்தான். சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டிய ஆள் கிளம்பும்போது சொன்னான்.

"காஸ் நாத்தம் வந்திச்சினா வால்வ மூடிட்டு வெளில வந்துடணும்மா. தீக்குச்சி கிழிக்கவே கூடாது."

மாமி சமர்த்தாகத் தலையாட்டினார்.

கொல்லையில் பச்சையம்மாவின் கை நின்றுவிட்டது. தேய்த்துத் தேய்த்து நாமேதான் மாமியை இந்தச் சிலிண்டர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினோம் என்று அவளுக்கு உறைத்தது. காலையில் தீய்ந்த பால் பாத்திரம் முன்னால் கிடந்தது. அதைக் கறுப்போடு எடுத்துக்கொண்டு, சந்து வழியாக வாசலுக்குப் போய் வரதன் காலடியில் வைத்தாள்.

"இத்த நான் தேய்க்கமாட்டேன் சாமி. தெனம் ஒண்ணு இப்டித்தான் கீது. மாமிக்கு வாசனையே தெரியாது. காஸ் கசிஞ்சா எப்டித் தெரியும்?"

"கட்டையில போறவளே!" என்று மாமி வாசலுக்கே வந்துவிட்டார். "அவ பேச்சைக் கேக்காதேடா. எனக்கென்ன கேடு? நன்னாத்தான் இருக்கேன்."

வரதன் உள்ளே போய் ஒரு டப்பாவோடு வந்தான். அம்மாவைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, மூடியைத் திறந்து மூக்கருகே பிடித்தான். பெருங்காய நெடி வாசல் முழுக்க அடித்தது. மாமி இழுத்து மோந்தார். நிதானமாக இன்னொரு தரம் மோந்தார்.

"ஏலக்காய்" என்றார்.

மாமி மூடிய கண்ணைத் திறக்கவில்லை. சற்றுமுன் திட்டிய அதே வாயால் மெதுவாகக் கேட்டார்.

"பச்சையம்மா, சரிதானேடி?"

பச்சையம்மா மாமியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இல்ல மாமி" என்றாள்.