புதுசு வர்ற வரைக்கும்

பாதி இறக்கிய ஷட்டரின் அடியில் நாணயத்தால் மூன்று தட்டு கேட்டால், வெள்ளிமலை பஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். ஆள் தெரியமாட்டார். முதலில் ஒரு கை மட்டும் உள்ளே நீளும், அதில் ஒரு போன் இருக்கும். போன் ரிப்பேர் தொழிலில் முகங்கள் பழக்கமாவது ரொம்பத் தாமதமாகத்தான். அதற்குள் அவர்களுடைய போனின் உள்ளுறுப்பெல்லாம் மனப்பாடம் ஆகியிருக்கும்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் ஒரு கடை. பகலில் அங்கே புதுப் போன் விற்பார்கள். இரவில் அதே கடையின் மூலையில் நான் பழசைப் பிரித்துக்கொண்டிருப்பேன். மலையிலிருந்து சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போய் எங்கேயாவது படுத்துவிட்டு, விடிகாலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் வாங்கிக்கொள்வார்கள். அப்படித்தான் இது இராத்திரி வேலையானது. யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. அக்காவின் போனைக் கழற்றித் திரும்பப் பூட்டியபோது கையில் நான்கு ஸ்க்ரூ மிச்சம் நின்றது. அன்றைக்கு ஆரம்பித்த படிப்பு, வயது நாற்பத்தேழு ஆகியும் முடியவில்லை. புதுப் போன் வரப்போகிறது என்று நம்பி, பழைய போனோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர் நீங்கள் என்றால், நாம் இருவரும் ஒரே வார்டில் படுத்திருந்தவர்கள்தான். ஆகவே தயங்காமல் சொல்கிறேன்.

செலோடேப் காலம்

புது மாடல் வரப்போகிறது என்ற செய்தி கிளம்பினால், எங்கள் கடையில் முதலில் தீர்ந்துபோவது செலோடேப். கண்ணாடி உடைந்தால் மாற்ற மாட்டார்கள், ஒட்டச் சொல்வார்கள். பேட்டரி உப்பினால் அமுக்கிக் கட்டச் சொல்வார்கள். "புதுசு வர்ற வரைக்கும் ஓடுனா போதும்" என்பதுதான் அந்த மாதங்களின் வேண்டுதல்.

கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் முருகேசன் சார் இதில் எல்லோரையும் மிஞ்சியவர். அவர் போனின் முதுகு திறந்தே இருக்கும், இரண்டு ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வேலை முடிந்து போகும்போது தினம் ஒரு சந்தேகத்தோடு வருவார். சூடாகுமா, திரையில் பச்சைக் கோடு விழுமா, ராத்திரியில் எடுத்தால் முகம் தெரியுமா. நானும் அசராமல் பதில் சொல்வேன். அந்தப் போனைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவர் அதைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிற வீடியோக்கள் இருக்கின்றனவே, விடிய விடிய அவைதான் எனக்குத் துணை. ஒரு நாள் அவர் ரப்பர் பேண்ட் அறுந்துபோய் வந்து நின்றார். பகல் கவுன்டரில் இருக்கும் ஸ்டெல்லா பையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியவள், திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "ரப்பர் பேண்ட் மட்டும் மாத்திக் குடுங்கண்ணே, சாருக்கு இப்போதைக்கு அதான் லேட்டஸ்ட் மாடல்."

எறும்பு

மலைப் போன்களை வாசனையிலேயே சொல்லிவிடுவேன். புகையும் பலாப்பழமும் கலந்த ஒரு வாசனை. பிரித்தால் உள்ளேயிருந்து சிவப்பு எறும்பு ஓடிவரும். முதல் தடவை, என்னடா இது, போனுக்குள் சர்க்கரையா போட்டு வைத்தார்கள் என்று நினைத்தேன்.

அண்ணாமலை அண்ணன்தான் விளக்கம் சொன்னார். வெள்ளிமலைக்கும் மேலே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போக வேண்டிய ஒரு சிற்றூர் அவருடையது. மரவள்ளி போடுவார், பருவத்தில் கடுக்காய் பொறுக்கி மூட்டை கட்டிக் கொண்டுவந்து விற்பார். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஊரில் எந்த வீட்டிலும் சிக்னல் கிடையாது. மேட்டின் மேல் நிற்கும் ஒரு பலாமரத்தடியில் மட்டும் கொஞ்சம் எடுக்கும். அதனால் காட்டுக்குப் போகும்போது அவரவர் போனைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, அடையாளத்துக்கு ஒரு கலர் கயிறு கட்டி, கிளையில் தொங்கவிட்டுப் போவார்கள். சாயங்காலம் அவிழ்த்துக்கொள்வார்கள். நடுவில் அடித்தால், அந்தப் பக்கம் போகிறவர் யாராக இருந்தாலும் எடுத்து, "அவரு காட்டுல கீறாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் மாட்டிவிட வேண்டும். அது ஊர் வழக்கம்.

அவருடைய பெண் சென்னைப் பக்கம் நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தது. போகும்போது தன் பழைய போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. சாயங்காலம் மரத்தடிக்குப் போய் அவர் பேசுவார். ஆனால் அவர் மனைவி கோவிந்தம்மாவால் மேடு ஏற முடியாது. மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததிலிருந்து கட்டிலும் வாசலும்தான். பெண் பேசியதை இவர் கேட்டுக்கொண்டு வந்து வீட்டில் சொல்ல வேண்டும். அண்ணாமலை அண்ணன் என் கடையில் மொத்தமாக நாலு வார்த்தை பேசினால் அதிகம். அப்படிப்பட்டவர் எதைப் போய்ச் சொல்லியிருப்பார் என்று நினைத்து, "அக்கா நம்புறாங்களாண்ணே?" என்று கேட்டேன். போனிலிருந்து எறும்பை ஊதிக்கொண்டே சொன்னார்: "பாதிய வழியிலயே முழுங்கிட்டு வந்துட்டியான்னு கேக்கறா தம்பி."

டவர் இல்லாமலே

அந்த வருஷம்தான் அந்தப் பேச்சு கிளம்பியது. வரப்போகிற போன் டவரே இல்லாமல் நேராக ஆகாயத்தில் இருக்கும் சாட்டிலைட்டோடு பேசும் என்று. ஜீப் டிரைவர் ஒருவர் மலையில் போய்ச் சொல்லிவிட்டார். மறு வாரமே ஷட்டரில் மூன்று தட்டு.

உண்மையில் அன்றைக்கு அண்ணாமலை அண்ணன் வந்தது போனுக்குத் திரை மாற்ற. மழையில் நனைந்து திரையின் மேல்பாதி செத்துவிட்டது. கீழே இருக்கும் பச்சைப் பட்டனை அழுத்தி, வருகிற அழைப்பை எடுக்கலாம். வேறு எதையும் பார்க்க முடியாது. கையில் போனை வைத்துக்கொண்டு, "டவர் இல்லாமலே பேசுமாமே, நெசமாங்க?" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். இரவெல்லாம் தனியாக உட்கார்ந்து வீடியோ பார்க்கிறவனுக்கு எதுவும் நடந்துவிடும்போலத்தான் தோன்றும். "ஆமாண்ணே. இதுல காசு போடாதீங்க. நாலு மாசம் பொறுத்துக்குங்க, அக்கா கட்டில்ல படுத்துக்கினே பொண்ணுகிட்ட பேசலாம்" என்றேன். "நான் பக்கத்துல இல்லாதப்பகூட அவ தனியா பேசலாமா?" என்று கேட்டார். "நீங்க மரத்துக்குப் போகவே வேணாம்ணே" என்றேன், பெரிய வரம் கொடுப்பவன்போல. அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. பாதி செத்த போனை மடியில் கட்டிக்கொண்டு சொன்னார்: "போகவே வேணாமா... சரி, வரட்டும் பாக்கலாம்."

ஆணி

நாலு மாதம் பத்து மாதம் ஆனது. அடுத்த மாதம் வருகிறது, தீபாவளிக்கு வருகிறது, பொங்கலுக்கு நிச்சயம் என்று வீடியோக்காரர்கள் சொன்னதை நான் ஷட்டருக்கு அடியில் வந்த கையிடம் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை அவர் சொன்னார், கோவிந்தம்மா கட்டிலுக்கு மேலே சுவரில் ஆணி அடித்து வைத்திருக்கிறாளாம். எதற்கு என்று கேட்டேன். புதுப் போனைத் தொங்கவிட. அவர்கள் ஊரில் போன் என்றால் தொங்கினால்தானே பேசும்?

கடைசியில் போன் வந்தது. கடை வாசலில் பலூன் கட்டினார்கள். முருகேசன் சார் வந்து எடுத்துப் பார்த்தார், தடவினார், முகர்ந்துகூடப் பார்த்தார், திரும்ப மேசையில் வைத்துவிட்டார். "இதுக்கு அடுத்தது இன்னும் நல்லா வருதாம்" என்று ரப்பர் பேண்டைச் சரிசெய்துகொண்டு போனார். அன்று இரவு பெட்டியோடு வந்த தாளை நான் மூன்று முறை படித்தேன். சாட்டிலைட் விஷயம் சில வெளிநாடுகளில்தான். அங்கேயும் வெட்டவெளியில் நின்று, ஆபத்து என்று நாலு எழுத்து அனுப்பலாம். பேச முடியாது. இங்கே அதுவும் கிடையாது.

விடிகாலையில் அண்ணாமலை அண்ணன் வந்தார். சுத்தமான சட்டை போட்டிருந்தார். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டிக் கேட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்ப ஆணிய இன்னா பண்றது தம்பி, புடுங்கிடச் சொல்லட்டுமா?"

இழுப்பறை

அவர் முதல் பஸ்ஸை விட்டுவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். நானும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்குள் ஸ்டெல்லா கடை திறக்க வந்துவிட்டாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். அவள் பழைய போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பொண்ணு வாய்ஸ் மெசேஜ் அனுப்புனா போதுமேண்ணே. பகல்ல மரத்துல தொங்கறப்ப வந்து எறங்கிக்கும். சாயங்காலம் வூட்டுக்கு எடுத்துக்கினு போய் அக்காகிட்ட போட்டுக் காட்டலாம். இதுக்கு எதுக்கு சாட்டிலைட்டு? ஸ்க்ரீன் தெரிஞ்சா ஆச்சு" என்றாள். பிறகு என் மேசை இழுப்பறையைத் திறந்தாள். துணிக்கு அடியில் அதே மாடலின் திரை ஒன்று கிடந்தது. தண்ணீரில் விழுந்து செத்த போனிலிருந்து நானே கழற்றி வைத்தது. அவர் முதன்முதலில் திரை மாற்ற வந்த அன்றும் அது அங்கேதான் கிடந்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாற்றினேன், மெசேஜ் கேட்கும் விதத்தை அண்ணனுக்கு நாலு தடவை செய்து காட்டினேன். காசு வாங்கவில்லை, வாங்குகிற முகமும் இல்லை. பத்து மாதம் ஒரு தாய் பெண்ணின் குரலைக் கேட்காமல் கிடந்தது என் பேச்சை நம்பி. அவர் அடுத்த பஸ்ஸுக்குப் போன பிறகு ஸ்டெல்லா பலூனை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊருக்கே வராத போனுக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியுது, உங்க டிராயருக்குள்ள இன்னா இருக்குதுன்னு தெரியலையேண்ணே."

மீதி எங்கே

இரண்டு வாரம் கழித்து மூன்று தட்டு. நான் ஷட்டரை முழுசாகத் தூக்கி அவரை உள்ளே உட்காரவைத்தேன். "அக்கா கேட்டாங்களா?" என்றேன். கேட்டாளாம். பெண்ணின் மெசேஜ் வந்ததாம். எனக்கும் போட்டுக் காட்டினார். "அம்மா, நல்லாக்கீறேன், சாப்ட்டேன். டூட்டிக்கு நேரமாச்சு, வெச்சிடறேன்." அவ்வளவுதான். பின்னால் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம், முடிந்துவிட்டது.

கோவிந்தம்மா இன்னொரு தடவை போடச் சொன்னாளாம். போட்டார். அப்புறம் போனைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்துவிட்டு, "மீதி எங்க?" என்று கேட்டாளாம்.

அப்போதுதான் அண்ணாமலை அண்ணன் என்னிடம் உடைத்துச் சொன்னார். பெண் எப்போதுமே அவ்வளவுதான் பேசும். இவரைப் போல. ஆரம்பத்தில் இவரும் உள்ளதை மட்டும்தான் போய்ச் சொன்னார். பாதியை முழுங்கிவிட்டாய் என்று அவள் தினம் கேட்கவே, மேட்டிலிருந்து இறங்குகிற வழியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க ஆரம்பித்தார். ஹாஸ்டலில் ஒரு பூனை இருப்பதாகச் சொன்னார். அது தினம் பெண்ணின் கட்டிலில் வந்து படுப்பதாகச் சொன்னார். அம்மா வைக்கும் கருவாட்டுக் குழம்பைக் கேட்டு அழுததாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கப் போய்ச் செருப்பைத் தொலைத்ததாகச் சொன்னார். மறுநாள் அவள் செருப்பைப் பற்றிக் கேட்டதால், புதுச் செருப்பும் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

"நான் பக்கத்தில் இல்லாதபோதுகூட அவள் தனியாகப் பேசலாமா" என்று அன்றைக்கு அவர் கேட்டது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பத்து மாதமாக அந்தப் போன் வரவேண்டும் என்றும் வந்துவிடக் கூடாது என்றும் ஒரே மனுஷன் காத்திருந்திருக்கிறார்.

"அக்கா திட்டினாங்களாண்ணே?" என்றேன். திட்டவில்லையாம். இரண்டு நாள் அவரிடம் பேசவே இல்லையாம். மூன்றாம் நாள் சாயங்காலம் மரத்திலிருந்து போனை அவிழ்த்துக்கொண்டு போய், புது மெசேஜ் வந்திருக்கிறது என்று அவர் நீட்டியிருக்கிறார். கோவிந்தம்மா அதை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருக்கிறாள். அவள் சொன்னதை அவள் குரலிலேயே சொல்லிக் காட்டினார்: "அத்த அப்பறம் கேட்டுக்கலாம், மொதல்ல நீ சொல்லு."

இப்போது அந்த ஊருக்குப் பக்கத்திலேயே டவர் வந்துவிட்டது. மரத்தில் யாரும் போன் மாட்டுவதில்லை, பெண்ணும் வேலைக்குப் போய்விட்டது. என் மேசையில் எறும்பு ஓடிப் பல நாள் ஆகிறது. இருந்தும் போன வாரம் வந்த ஒரு போனைப் பிரித்தால் அதே வாசனை, உள்ளே இரண்டு சிவப்பு எறும்பு. வீட்டில் சிக்னல் சரியாக எடுக்கவில்லை என்று கோவிந்தம்மாவிடம் சொல்லிவிட்டு அண்ணாமலை அண்ணன் மட்டும் இன்னும் மரத்தடிக்குப் போய்ப் பேசிவிட்டு வருகிறாராம்.

எத்தனையோ புது மாடல் வந்து போய்விட்டது, கேட்டதைவிட அதிகமாகக் கொண்டுவந்து சேர்க்கிற போன் இந்த மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து, அந்த இரண்டு எறும்பையும் நசுங்காமல் வெளியே தள்ளிவிட்டு, போனைத் துடைக்க ஆரம்பித்தேன்.