தேன்புல் கதிர் விட்ட இலையுதிர்காலம்

நேலிதா பெந்தங்கூர் காலையில் குதிரை ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். வேலிக் கதவைத் திறப்பது, கன்றுக்குச் சுருக்குப் போடுவது, என்னைத் திட்டுவது எல்லாமே சேணத்தின் மேலிருந்துதான். கணவர் இறந்தபின் தக்குவாரெம்போ ஊருக்கு வெளியே உள்ள அந்த மேய்ச்சல் நிலத்தை அவரும் கணவரின் தம்பி வில்மரும் நடத்துகிறார்கள். நான் அங்கே வேலைக்கு இருக்கிறேன்.

அந்த வருடம் கோடை முடிகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. புழுக்கமும் போகவில்லை. ஓடையோரத் தாழ்நிலத்தில் வளர்ந்திருந்த தேன்புல்லை அறுத்துக் காயவைப்பதாக இருந்தோம். அறுக்கலாம் என்று கிளம்பும்போதெல்லாம் வானம் கறுத்தது. புல் முற்றிக் கதிர் விட்டுவிட்டது.

புனித வாரம் வந்தது; பூமியின் தென்பாதியில் எங்களுக்கு அது இலையுதிர்காலம். குதிரையடக்கும் விழா நடக்கும் வாரத்தில் எங்கள் ஊரில் எவனும் வேலையைத் தொடமாட்டான். "சினை மாடுகள அந்தத் தேன்புல்லுக்குள்ள விட்டுருங்க. அதுங்க பாட்டுக்குத் தின்னுட்டுக் கிடக்கட்டும்" என்றார் நேலிதா. அடுத்த வருடப் பிழைப்பு அந்த வயிறுகளில்தான் இருந்தது.

விழா முடிந்து திரும்பி வந்து பார்த்தால் மாடுகள் நின்ற இடத்திலேயே தலையை ஆட்டிக்கொண்டிருந்தன. காதுகள் துடித்தன.

வில்மர் சிரித்தான். "என்ன அண்ணி, நம்மள விட இதுங்க அதிகமா குடிச்சிருக்கும் போல?"

"பல்லைக் காட்டாதடா. தொழுவத்துக்கு ஓட்டு, என்னன்னு பாப்போம்."

அவன் நாய்களை ஏவி, குதிரையை விரட்டினான். நேலிதா மறுபக்கம் கத்திக்கொண்டே பாய்ந்தார். மாடுகள் ஓட முயன்றன. கால்கள் மடங்கவில்லை. மரக்கால் கட்டியதுபோல் விறைத்து, ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. பிந்தாதா என்ற புள்ளி மாடு ஓடைக்குள் உருண்டது. முழங்கால் ஆழத் தண்ணீர்தான். முகம் அமிழ்ந்தது. நாங்கள் கயிறு போடுவதற்குள் முடிந்துவிட்டது.

முழங்கால் தண்ணீரில் ஒரு மாடு சாகுமா?

தகவல் சொன்னதும் வந்த கால்நடை மருத்துவர் சுல்மா வண்டியிலிருந்து இறங்கும்போதே கத்தினார். "நாயக் கட்டுங்க! யாரும் விரட்டாதீங்க!" பிறகு ஒரு கதிரைப் பறித்து உள்ளங்கையில் உதிர்த்தார். விதை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிற உருண்டைகள். விரல்கள் பிசுபிசுத்தன.

"பூஞ்சைம்மா. பூக்கிற நேரத்துல மழையும் புழுக்கமும் சேர்ந்தா பூவுக்குள்ளயே புகுந்துடும். அதத் தின்ன மாட்டுக்கு விஷம், உடம்பு நடுங்கி விறைச்சிடும். தேன்புல்லுக்கு இதைத் தடுக்கிற தெம்பு இல்ல. பக்கத்துல கவட்டைப்புல்லப் பாருங்க, அதுல அவ்வளவா ஒண்ணுமில்ல."

"புல்லா?" நேலிதா சேணத்திலிருந்து குனிந்து பார்த்தார். "நான் பத்திரமா வச்சிருந்த புல்லா?"

"மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோங்க. பயந்தா விழும். விழாம இருந்தா சில நாள்ல தெளிஞ்சிடும்."

நேலிதா குதிரையிலிருந்து இறங்கினார். சேற்றில் நடந்தார். நாங்களும் நடந்தோம். ஒரு மாடு நடுங்கினால் எல்லோரும் நின்றோம். நடுக்கம் அடங்கியதும் அதன் பின்னால் இன்னும் கொஞ்சம்.

"இப்படிப் போனா பொழுது சாய்ஞ்சிரும் அண்ணி."

"சாயட்டும். நீ மூச்சக்கூட மெதுவா விடு." சற்று தூரம் போனபின் சொன்னார்: "பிந்தாதாவ நாமதான்டா ஓடைல தள்ளுனோம்."

அன்று வேறு எதுவும் விழவில்லை. அந்த வாரம் கழிவதற்குள் நடுக்கம் நின்றது. வசந்தத்தில் கன்றுகள் பிறந்தன.

மறு வருடமும் மழை விடவில்லை. தேன்புல் பூக்கத் தொடங்கிய அன்று, தூறலிலேயே அறுக்கும் வண்டியை இறக்கச் சொன்னார் நேலிதா. பக்கத்து நிலத்துக்காரர் வேலியோரம் குதிரையை நிறுத்தி வாய் பிளந்தார்.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா? மழைல அறுத்தா அம்புட்டும் அழுகிடுமே! குளிருக்கு மாடு என்னத்தைத் திங்கும்?"

"இளைச்சாலும் விழாம நிக்கும்" என்றார் நேலிதா. "நிக்கட்டும்."

வில்மர் டிராக்டரை நிறுத்தவில்லை. அறுபட்ட புல் ஈரத்தோடு சாய்ந்து கிடந்தது.