நிலத்தில் கை ஊன்றிய எங்கள் அண்ணா

அண்ணாவைப் பற்றி யார் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். "உனக்குத்தானே வாய்" என்றார் அப்பா. பொய்யில்லை. அண்ணா கதைப்பது குறைவு, அவருக்கும் சேர்த்து நான்தான் கதைத்து வந்தேன். இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு அண்ணா என்ன தொழில் செய்தார் என்பது இன்றைக்கும் விளங்கவில்லை என்று எனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் கிரியையான இந்த அந்தியேட்டியிலாவது அதை விளங்கப்படுத்தாமல் விடப்போவதில்லை.

அண்ணா பிறந்தது மட்டக்களப்பில். நடை பழகிய கையோடு, அம்மாவின் இடுப்பில் இருந்தபடி கனடாவின் மொன்றியலுக்கு வந்து சேர்ந்தார். கோட்-டெ-நெய்ஜில் ஓர் அடுக்குமாடி வீடு. பக்கத்து ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலை அப்பாவுக்கு. நான் இங்கே பிறந்தவள். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அண்ணா பெரியவர், வயதிலும் உடம்பிலும். வீட்டுக்கு வருகிற ஆட்கள் தேத்தண்ணீரை வாயில் வைக்க முன்னமே, "இவனுக்கு என்னத்தைப் போட்டு வளக்கிறீங்க?" என்று கேட்பார்கள். அவர்கள் படியிறங்கியதும் அம்மா செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அண்ணாவுக்கு நாவூறு சுற்றி அடுப்பில் போடுவார். உடனே புகை மணி அலறும். கட்டடம் பார்க்கிற மனிதர் மூச்சு வாங்க ஓடி வருவார். அம்மா "பொஞ்சூர், பொஞ்சூர்" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிச் சிரித்தபடியே கதவைச் சாத்திவிடுவார்.

அந்த உடம்பைப் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்துக் கோச் அண்ணாவை அமெரிக்கன் புட்போலுக்கு இழுத்துக்கொண்டு போனார். முட்டை வடிவப் பந்து, தலையில் ஹெல்மெட், தோளில் கவசம். இதையே மண்டபத்துக்குள் ஆடுகிற ஒரு வகையும் உண்டு. ஐஸ் ஹொக்கி அரீனாவில் பச்சை விரிப்பைப் போட்டு, சுற்றுச் சுவருக்கு மெத்தை கட்டி ஆடுவார்கள். இடம் சின்னது, ஆட்களோ பெரிய ஆட்கள், தப்பி ஓட வழியில்லை. அண்ணா தற்காப்பு வரிசைக்காரர். எதிரணி கட்டி நிற்கிற மனிதச் சுவரை உடைத்து உள்ளே போய், பந்து வைத்திருப்பவரை விழுத்துவது அவருடைய வேலை. பந்து அவருடைய கைக்கு வருவதே அரிது. "பந்து விளையாடுறான் எண்டுறீங்க, ஒருக்காவாவது பந்தைக் குடுக்க மாட்டாங்களா?" என்று அம்மா கேட்காத ஆளில்லை.

வெளி மைதானத்தில் ஆடும் பெரிய அணிகள் அண்ணாவை எடுக்கவில்லை. அவர் கவலைப்பட்டார், ஆனால் சோர்ந்து உட்காரவில்லை. எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் சின்னச் சின்ன நகரங்களில் இருக்கிற மண்டப அணிகளுக்கு ஆடப் போனார். பஸ்ஸில் பயணம், மலிவு விடுதியில் படுக்கை, தோளில் ஐஸ் பை. ஆட்டம் இல்லாத மாதங்களில் மொன்றியலுக்கு வந்து புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பெட்டி ஏற்றினார். "இதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று கேட்டவர்கள் இந்த மலரையும் வாசிப்பீர்கள். ஓம், உத்தியோகம்தான். கையெழுத்துப் போட்டு, சம்பளம் வாங்கி, வரி கட்டிய உத்தியோகம். அப்போது நீங்கள் கேட்ட விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் கொதி வருகிறது.

ஆனால் அண்ணாவை வருத்தியது உங்கள் பேச்சில்லை. அம்மா ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை. அதுதான் அவருடைய மனக்குறை. யுத்த காலத்தில் அம்மா ஊரில் கண்டவை அப்படி. "ஆம்பிளையள் அடிபட்டு விழுறதை நான் கண்டது காணும் மனே. என்ட பிள்ளை விழுறதையும் பாக்கக் கூப்பிடாத" என்று ஒருமுறை சொன்னார். அதன்பிறகு அண்ணா வற்புறுத்தவில்லை. எந்த ஊர் அணிக்கு ஆடினாலும் சொந்த மண்டபத்தில் ஆட்டம் என்றால் வாசலில் அம்மாவின் பெயருக்கு ஒரு டிக்கெட் எடுத்து வைப்பார். நான் போகிற நாட்களில் எனக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கும். அண்ணா ஹெல்மெட்டைப் போட முன் அந்த இருக்கையை ஒருதரம் பார்ப்பார்.

வருடங்கள் போயின. முழங்கால் இரண்டும் சத்திரசிகிச்சை கண்டன. இதோடு போதும் என்று டாக்டர் சொன்ன பிறகு, கடைசியாக ஒரு பருவம் ஆட எல்லைக்குப் பக்கத்திலேயே ஒரு அணி கிடைத்தது. "அம்மா, இதோட முடியுது. ஒருக்கா வாங்களன்" என்று போனில் கேட்டார். அம்மா போனை என்னிடம் நீட்டிவிட்டுக் குசினிக்குள் போனார். முதல் ஆட்டத்தன்று காலையில் பார்த்தால், சேலைக்கு மேல் குளிர்க்கோட்டும் கையில் புட்டுப் பார்சலுமாக வாசலில் நிற்கிறார். "காரை எடுங்க" என்றார் அப்பாவிடம். எல்லையில் எதற்குப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்க, நாங்கள் வாய் திறக்குமுன் பின் இருக்கையிலிருந்து "மகனைப் பாக்க" என்று தமிழிலேயே பதில் சொன்னார்.

அரீனாவுக்குள் போனதும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல் இடுக்கால் மட்டும் பார்த்தார். அண்ணா வரிசைக்கு வந்து, குனிந்து, வலது கையை நிலத்தில் ஊன்றினார்.

அம்மாவின் கை முகத்தை விட்டு இறங்கியது. "பாத்தீங்களா! நிலத்தைத் தொட்டுக் கும்பிட்டுத் தொடங்குறான்" என்று அப்பாவின் தோளைத் தட்டினார். எங்கள் ஆட்கள் எதைத் தொடங்கினாலும் தொட்டுக் கும்பிடுவார்கள்தானே. கடை திறக்கிறவர் வாசற்படியைத் தொடுவார், அப்பா இன்றைக்கும் கார் ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளுவார். "கும்பிட்டுப்போட்டுப் போறவன் ஆரையும் கோபத்தில அடிக்க மாட்டான்" என்று அம்மா தானே ஒரு தீர்ப்பும் சொல்லிக்கொண்டார்.

ஐயோ, அது கும்பிடு இல்லை! தாழக் குனிந்து பாய்வதற்காகக் கை ஊன்றி நிற்கிற நிலை அது. சொல்ல எனக்கு வாய் துடித்தது. ஆட்டம் முடிந்து வியர்வையோடு வந்த அண்ணாவின் கன்னத்தை அம்மா பிடித்தார். "தொட்டுக் கும்பிட்டதைக் கண்டனான் மனே. இனி வாறன்." அண்ணா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாய் பாதி திறந்திருந்தது. வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்துவிட்டு, "ஓம் அம்மா" என்றார். அப்படி ஒரு சந்தோசத்தை அவர் முகத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

அடுத்த ஆட்டத்தில் அண்ணா ஒரு வேலை செய்தார். முதல் தரம் வரிசைக்கு வந்ததும் நிலத்தைத் தொட்டு, அந்தக் கையை ஹெல்மெட்டின் முன்பக்கத்தில் ஒற்றி, திரும்பவும் நிலத்தில் ஊன்றினார். அதற்குள் பந்து போய்விட்டது. கோச் போட்ட சத்தம் எங்கள் வரிசைவரை கேட்டது. அண்ணா விடவில்லை. ஒவ்வொரு ஆட்டத்திலும் முதல் தரம் மட்டும் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, பிறகு தன் பாட்டில் ஆடினார். வரிசையில் அவருக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேரும் ஏன் என்று கேட்டிருக்கிறார்கள். அம்மாவுக்காக என்றாராம். அதன்பிறகு அவர்களும் தொட்டார்கள். அம்மா அந்தப் பருவம் முழுவதும் வந்தார். "விடாத மனே! பிடி! பிடி!" என்று அவர் கத்திய கத்தில் முன் வரிசை வெள்ளைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆட்டத்தை விட்ட பிறகு அண்ணா அதே பண்டகசாலையில் மேற்பார்வையாளரானார். அண்ணியைக் கைப்பிடித்தார், பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கினார், மகள் பிறந்தாள். நல்ல வருடங்கள் அவை. போன குளிர்காலத்தில் புற்றுநோய் என்றார்கள். சுவர் உடைத்த உடம்பு கட்டிலில் பாதியாகக் கிடந்தது. அப்போதும் அவருக்கு ஒரு கவலைதான். "தங்கச்சி, முதல் நாள் நான் நிலத்தில கை வச்சது ஏன் எண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாத" என்றார். ஓம் அண்ணா என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு வேறென்ன சொல்லத் தெரியும்?

இறுதிக் கிரியைக்கு அந்த இரண்டு வரிசைக்காரரும் எல்லை தாண்டிக் கார் ஓட்டி வந்திருந்தார்கள். அண்ணாவின் முன்னால் போய் நின்று, கோட்டும் டையுமாகக் குனிந்து, தரையைத் தொட்டு நெற்றியில் ஒற்றினார்கள். வந்திருந்தவர்கள் விளங்காமல் பார்த்தார்கள். அம்மா எழுந்து போய் இருவரையும் கட்டிக்கொண்டார்.

மறுநாள் அம்மாவோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். சொல்லிவிடலாமா என்று இருந்தது, ஆனால் வாக்கு வாக்குத்தான் என்று அடுத்த கோப்பையை எடுத்தேன். அம்மாதான் தொடங்கினார்.

"அண்ணா பாயுறதுக்குத்தான் நிலத்தில கை ஊண்டினவன் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்."

நான் குழாயை மூடினேன். "எப்பிடியம்மா?"

"எதிர்ப் பக்கத்துப் பொடியனுகளும்தானே கை ஊண்டினாங்க. அவங்களுமா கும்பிட்டாங்க? கொஞ்ச நேரத்தில விளங்கிட்டுது."

"பிறகேன் அவரிட்ட அப்பிடிச் சொன்னீங்க?"

"போகாம இருந்த வருசமெல்லாம் போறதுக்கு ஒரு சாக்குத் தேடினனான். கிடைச்சுது, பிடிச்சிட்டன்." அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அடுத்த முறை உண்மையாவே தொட்டுக் கும்பிட்டான், கண்டியா? எனக்காண்டித்தானே. எழுதுறதெண்டா இதை எழுது."

எழுதிவிட்டேன், அண்ணா. நான் சொல்லவில்லை. அம்மாவே சொல்லிவிட்டார்.

நோய்க்காலத்தில் இரவும் பகலும் பார்த்த தாதியருக்கும், முறை வைத்து எங்களுக்குச் சோறு கொண்டுவந்த கோட்-டெ-நெய்ஜ் பழைய அயலாருக்கும், பண்டகசாலைத் தோழர்களுக்கும், தூரம் பாராமல் வந்த அணிக்காரருக்கும், பெயர் சொல்லாமல் கைகொடுத்த அத்தனை பேருக்கும் அம்மா, அப்பா, அண்ணி, அண்ணாவின் மகள் சார்பில் கைகூப்புகிறேன்.

நன்றியோடு ஓர் அழைப்பும் உண்டு. வருகிற சனிக்கிழமை பியர்பொன்ட்ஸ் மைதானத்தில் அண்ணாவின் மகள் முதல் தடவையாக ஆடப்போகிறாள். யாரும் யாரையும் விழுத்தாத, இடுப்பில் கட்டிய ரிப்பனை மட்டும் பறிக்கிற சிறுபிள்ளைகள் ஆட்டம். வரக்கூடியவர்கள் வாருங்கள். முன் வரிசையில் மட்டும் இடம் தேடாதீர்கள். இதை எழுதுகிற இன்றைக்குச் செவ்வாய்தான், அம்மா இப்போதே தன் மடக்குக் கதிரையைக் காரில் ஏற்றிவிட்டார்.