ராஜா அழும்போது நான் பேச வேண்டும்

கூத்தில் ராஜாவுக்கு வேலை அழுவது. பக்கத்தில் நிற்கும் கட்டியங்காரனுக்கு வேலை சிரிக்கவைப்பது. திண்டிவனத்துப் பக்கத்துக் குழு ஒன்றில் அந்தக் கட்டியங்காரன் நான். சோகக் கதைக்கு நடுவே ஜனங்களைச் சிரிக்கவிட்டு, அடுத்த பாட்டுக்கு அழத் தயார் பண்ண வேண்டும். சண்டை நடக்கிற வீட்டில் ஜோக் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உங்களிலும் இருப்பார்கள். அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

மீசை

விழுப்புரம் பக்கம் ஒரு திருவிழா. எங்கள் ராஜா ஏழுமலை, போரில் செத்த மகனை மடியில் போட்டுக்கொண்டு புலம்பிப் பாடுகிறார். வியர்வையில் ஒட்டுமீசை கழன்று பாதி வாய்க்குள் போய்விட்டது. மனுஷர் பாட்டை நிறுத்தவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறார்கள். அடக்கிய சிரிப்பை வைத்துக்கொண்டு யாராலும் அழ முடியாது. நான் முன்னால் போய், "சேதி வந்ததுலேர்ந்து மகராஜா சோறு தண்ணி தொடல. பசியில மீசையக் கடிக்கிறாரு!" என்றேன்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சந்தில் ஏழுமலை மீசையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பாட்டை மறுபடி எடுத்தார். சிரித்த அதே பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். வேஷம் கலைக்கும்போது பாராட்டுவார் என்று பக்கத்தில் போய் நின்றேன்.

"கைதட்டு உனக்கு, பசை எனக்கா? நாக்கெல்லாம் ஒட்டிக்கினு கீதுய்யா!"

கடைவாய்ப் பல்

விழுப்புரத்தில் பல் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு "ஐயோ" என்றதும், பெஞ்சில் இருந்த ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டு சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்களிடமும் சொல்லிவிட்டார். நான் முனக முனக, பெஞ்சே சிரித்தது. நிஜமான வலி என்று சத்தியம் பண்ணினேன். அதற்குத்தான் அதிகமாகச் சிரித்தார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த அம்மா கேட்டார்:

"எனக்கு வலியே போயிடுச்சுங்க. நாளைக்கும் வருவீங்களா?"

காரிய வீடு

வானூர்ப் பக்கம் ஒரு காரியம், ராத்திரிக்கு எங்கள் கூத்து. இறந்தவர் கொத்தனார். மூத்த மகன் குமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, பாட்டு மட்டும் போதும், காமெடி வேணாம். அப்பா போனதுலேர்ந்து அம்மா யார்கிட்டயும் பேசல" என்றார். நியாயம்தான். வாயை மூடிக்கொண்டு ஈட்டியோடு நின்றேன்.

கூத்து நகரவில்லை. ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். ராஜா, "ஏன் இன்னும் மாளிகை எழும்பவில்லை?" என்று என்னைப் பார்த்துக் கேட்கிற கட்டம் வந்தது. பழக்கதோஷம், வாய் முந்திவிட்டது: "கொத்தனார் இன்னிக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்னே சொல்லிக்கினு கீறாருங்க!"

சொன்ன பிறகுதான் எந்த வீட்டில் நிற்கிறேன் என்பது உறைத்தது. குமார் எழுந்துவிட்டார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு. கொத்தனாரின் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"அவரேதான்! ஊருக்கெல்லாம் வூடு கட்டினாரு, எங்க வூட்டுச் செவுத்துக்குப் பூச்சு பூசல. நீ சொல்லுப்பா, இன்னும் சொல்லு!"

அழவைத்தவருக்கு மாலையும் சால்வையும் போடுகிறார்கள், சிரிக்கவைத்தவனிடம் "ஜல்தி முடிப்பா, ராஜா வெயிட் பண்றாரு" என்கிறார்கள்; இதில் எது சோக நாடகம் என்று நீங்களே சொல்லுங்கள்.