கப்பல் போகாத சனிக்கிழமை

ஹோல்கர் முப்பத்தொரு வருடம் பின்லாந்துக் கடலில் மிதவைகளுக்கு வண்ணம் அடித்தார். கப்பல் தடத்தின் ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் பச்சை. தென்மேற்குத் தீவுகளுக்கு நடுவே எந்தக் கப்பல் வழி தவறாமல் போனாலும், அதில் தன் தூரிகைக்கும் ஒரு பங்கு உண்டு என்று அவருக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பு பொய்யுமில்லை.

அவருடைய மரவீடு தடத்தை ஒட்டிய சின்னத் தீவில் இருந்தது. கோடைக் காலையில் மூடுபனி இறங்கினால் கடலும் தெரியாது, எதிர்த் தீவும் தெரியாது. வெள்ளைக்குள்ளிருந்து ஒரு கப்பல் சத்தமில்லாமல் பிறந்து, சன்னல் முழுக்க நகர்ந்து, மறுபடி வெள்ளைக்குள் கரைந்துபோகும். காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் மனைவி குன்வோரும் அப்படித்தான். இருவருக்கும் சண்டை வராத நேரம் அது ஒன்றுதான் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

கோடை வீடுகள் எல்லாவற்றிலும் விருந்தினர் புத்தகம் உண்டு. குன்வோர் வீட்டில் அது சட்டம். எழுதாமல் யாரும் படகேற முடியாது. காற்று எந்தத் திசை, தண்ணீர் எத்தனை டிகிரி, எத்தனை மீன், என்ன கப்பல் போனது, எத்தனை மணிக்கு. ஐந்து வருடம் முன்பு குன்வோர் போய்ச் சேர்ந்த பிறகும் சட்டம் சாகவில்லை.

அந்தச் சட்டத்தை மிகச் சுத்தமாகக் கடைப்பிடித்தவள் ஜினாயிதா என்கிற ஜினா. துர்க்கு நகரத்து ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள். பதினான்கு கோடையாக அந்த வீட்டில் ஓர் அறையை இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்தாள். முதல் வருடம் எழுத்துப் பிழைகளோடு, 'பெரிய கப்பல், அழகு' என்று எழுதினாள். பிறகு ஹோல்கர் சொல்லிக்கொடுத்துத் தேறிவிட்டாள். 'சாம்பல் நிறம், இரண்டு, வடக்கு நோக்கி, 6.40' என்று முத்துமுத்தாக எழுதுவாள்.

முழங்கால் இரண்டும் கைவிட்டபோது, துர்க்குவில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விட ஹோல்கர் முடிவு செய்தார். தீவு வீட்டை ஜினாவுக்கே விற்பதாகப் பேச்சு. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்துத் தீவு புரோருக்கு மட்டும் வயிறு எரிந்தது.

"ரஷ்யக்காரிக்கா குடுக்கப் போற? ஊர்ல வேற ஆளா இல்ல?"

"பதினாலு வருஷமா முகம் சுளிக்காம கக்கூஸ் வாளியக் கொட்டினவ இவ ஒருத்திதான். நீ ஒரு நாள் வந்து கொட்டு, உனக்கே எழுதி வைக்கிறேன்."

புரோர் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆனால் ஜினாவின் கடவுச்சீட்டு இன்னும் ரஷ்யாவுடையது. வெளிநாட்டார் இடம் வாங்குவதென்றால், நாட்டின் பாதுகாப்புக்குக் கேடில்லை என்று தலைநகரத்து அலுவலகம் ஒன்று அனுமதி தரவேண்டும். யார், எதற்கு வாங்குகிறீர்கள், அந்த இடத்தோடு என்ன பழக்கம் என்று படிவம் கேட்டது.

"என்ன எழுதறது ஹோல்கர்? பிடிச்சிருக்குன்னு எழுத முடியுமா?"

"எதுக்கு எழுதணும்? எல்லாம் எழுதியே இருக்கே!" என்று அவர் புத்தகத்தைத் தட்டினார். "பதினாலு வருஷத்துக் கணக்கு. நீ எப்பேர்ப்பட்டவள்னு இதைப் படிச்சா கல்லுக்கும் தெரியும்."

அவரே பிரவுன் தாளில் சுற்றி, நூல் கட்டி அனுப்பினார். அவ்வளவு சந்தோஷம் அவருக்கு. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் மனிதன் எதையும் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை புத்தகம் திரும்பி வந்தது. கூடவே ஒரு கடிதம்: அனுமதி இல்லை. காரணம் எழுதவில்லை. ஆனால் பக்கங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் எடுக்க மறந்திருக்கிறார்கள். பதினேழு இருந்தன.

ஹோல்கர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். எல்லாம் ஜினாவின் கையெழுத்து. எல்லாம் சாம்பல் நிறக் கப்பல், அதாவது கடற்படைக் கப்பல். ஒரு ஜூலை மாதப் பக்கத்தில் அவரும் அதே கப்பலை, அதே மணியை எழுதியிருந்தார். அவர் வரி மேலே, அவள் வரி கீழே. மஞ்சள் தாள் கீழ் வரியில் மட்டும் ஒட்டியிருந்தது. இப்படி எழுதச் சொல்லிக்கொடுத்த வாத்தியார் அவர்தானே.

மதியப் படகில் ஜினா ஏலக்காய் ரொட்டியோடு வந்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. கடிதத்தையும் புத்தகத்தையும் முன்னால் வைத்தார்.

"நான்தான் கெடுத்தேன், ஜினா. என் கையாலயே கட்டி அனுப்பினேன்."

அவள் வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினாள்.

"கையெழுத்து அழகா இருக்குன்னு ஒட்டியிருப்பாங்களோ?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "விடுங்க. அவங்களும் அவங்க வேலையத்தானே பாக்கறாங்க. ரொட்டி ஆறுது."

இருவரும் சன்னலோரம் உட்கார்ந்து தின்றார்கள். வெயில் பாலாடைபோல் தண்ணீர்மேல் படிந்து கிடந்தது. நாலே காலுக்குத் தீவுகளின் இடுக்கிலிருந்து ஒரு கப்பல் வந்தது. சாம்பல் நிறம். சத்தமே இல்லை. கண்ணாடியின் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை, கனவில் போவதுபோல் போனது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

ஐந்து மணிப் படகுக்குமுன் ஜினா வழக்கம்போல் புத்தகத்தில் எழுதினாள். அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு இறங்கிப் போனாள்.

படகு மறைந்தபின் ஹோல்கர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். 'தென்மேற்குக் காற்று. தண்ணீர் பதினாறு டிகிரி. மீன் பிடிக்கவில்லை. கப்பல் எதுவும் போகவில்லை.'

அந்தப் புத்தகத்தில் அதுவரை யாரும் பொய் எழுதியதில்லை.

அவர் பேனாவை எடுத்தார். இந்த முறை அவள் வரிக்கு நேர் கீழே எழுதினார்: 'சாம்பல் நிறம், ஒன்று, வடக்கு நோக்கி, 4.15. நாங்கள் இரண்டு பேரும் பார்த்தோம்.'