அக்கா பார்க்காத வடிவம்

ஆய்வுக்கூடத்தின் குளிர் அறைக்குள் போகும்போதெல்லாம் அக்கா தன் அப்பாவின் பழைய மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்வார். அதன் கை நீண்டு விரல்களை மறைக்கும். அவர் என் கூடப் பிறந்தவர் அல்ல. எனக்கு மூத்த ஆய்வு மாணவி. சிரம்பான் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவர். பனியையே பார்த்திராத அவர், தென்துருவப் பனியில் வாழும் ஒரு பாக்டீரியாவின் நொதியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார். மற்ற நொதிகள் முடங்கிப்போகும் குளிரில் அது மட்டும் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. அதற்கு அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு முதலில் அதைப் படிகமாக்க வேண்டும். படிகமோ வருவதாக இல்லை. ஒவ்வொரு முறையும் தட்டில் வைத்த கரைசல் துளிக்குள் கலங்கல்தான் மிஞ்சியது. "கோவிச்சுக்கிட்டு இருக்குது லா, விடு," என்று சிரித்துவிட்டு அடுத்த தட்டைத் தயார் செய்வார்.

அந்த நாட்களில்தான் அவர் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். சிரம்பானில் மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவர் வைத்துவிட்டுப் போன தட்டுகளை நான் பார்த்துவந்தேன். ஒரு நாள் காலை, நுண்ணோக்கியின் கீழே கண்ணாடிச் சில்லுகள்போலப் படிகங்கள் மின்னின. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். அக்கா படத்தை விரலால் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். "தட்ட ஆட்டாம எடுத்தியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிறாரா என்று பார்க்க எனக்குத் துணிவில்லை.

படிகங்களை எக்ஸ்ரேயில் வைத்து, கணினியில் வடிவம் தெளிந்து வருவதற்குள் அவர் போய்விட்டார். இன்று புதிய மாணவர்கள் துளியில் சேர்க்க அவர் கண்டுபிடித்த உப்பின் அளவை வைத்து எளிதாகப் படிகம் வளர்க்கிறார்கள்.

போன மாதம் அந்த வடிவத்தை அச்சிட்டு, அக்கா வளர்ந்த தோட்டத்துக்கு எடுத்துப்போனேன். பச்சையும் நீலமுமாகச் சுருண்ட நாடாக்கள். அவருடைய அம்மா தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"எதும்மா மேல் பக்கம்?"

"அப்படி ஒண்ணும் இல்லம்மா. எப்படி வேணாலும் பார்க்கலாம்."

நாடா இறுக்கமில்லாமல் வளைந்திருக்கும் இடத்தைக் காட்டி, இந்த நெகிழ்வால்தான் குளிரிலும் அசைகிறது என்றேன். அவர் தலையாட்டினார். சற்றுக் கழித்து, "புள்ள இத பாத்துச்சா?" என்றார்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்லம்மா. அதுக்கு முந்தியே..."

அம்மா எழுந்து உள்ளே போனார். மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து, சேலைத் தலைப்பால் துடைத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி. அந்த வளையுற எடத்த இன்னொரு வாட்டி காட்டு."